எதைவிட என்று கேட்டவர்

அவரிடம் போய் யாரும் சும்மா "நல்லாயிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. "எதைவிட?" என்பார். காலை ஏழு மணிக்கு, கையில் ஊசி ஏறப்போகிற பயத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷியிடம் கேட்கிற கேள்வியா இது? முதல் நாள் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"என்ன பாய், எதைவிடன்னா?"

"நேத்தைவிடவா, போன வாரத்தைவிடவா, இல்ல பக்கத்துல உக்காந்திருக்கற என்னைவிடவா? ஏதாவது ஒண்ணைப் பக்கத்துல வெச்சாத்தானே அக்கா நல்லாயிருக்கா இல்லையான்னு தெரியும்."

சரிதான், எனக்கென்று வாய்த்த பக்கத்து நாற்காலி ஒரு வக்கீல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வக்கீல் இல்லை. லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில், சுவருக்கு அடிக்கிற சாயம் விற்கும் கடையில் நிறம் கலக்குகிறவர்.

எங்கள் டயாலிசிஸ் நிலையம் குவீன்ஸ்டவுனில் ஒரு பழைய பிளாக்கின் கீழ்த்தளத்தில் இருந்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டவர்களுக்கு ரத்தத்தை வெளியே இழுத்து, கழுவி, திருப்பி உள்ளே அனுப்புகிற இடம். திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அவர் வந்து சேர்ந்தபோது எனக்கு அங்கே ஆறு வருஷம் ஓடியிருந்தது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கிடந்தோம். என் புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் அவரோடு உட்கார்ந்து பேசியதைவிட இவரோடு பேசியது அதிகம்.

ஒல்லியான ஆள். ஐம்பதைத் தொட்டிருப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எப்போதும் முழுக்கைச் சட்டைதான். ஊசி ஏறுகிற இடது கைக்கு மட்டும் துணியை நீளவாக்கில் வெட்டி, அமுக்குப் பட்டன் வைத்துத் தைத்திருந்தார். வந்து உட்கார்ந்ததும் டப் டப் டப்பென்று திறப்பார். நகக்கண்ணில் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். பையில் கடையின் நிற அட்டை ஒன்று இருக்கும், விசிறி மாதிரி விரிகிறது. அதை விரித்துத் தன் புறங்கையில் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார்.

"தோல் கலரு அக்கா. நமக்கெல்லாம் ஒரு சாம்பல் மஞ்சள் வரும்ல, அது ஏறுதா எறங்குதான்னு பாக்கறேன்" என்றார் ஒருநாள்.

"கண்ணாடியில பாத்தா தெரியாதா?"

"கண்ணாடி மொகதாட்சண்யம் பாக்கும். அட்டை பாக்காது."

ஒரு தீபாவளிக்கு முன்னால் அடுப்படிச் சுவரில் ஒரு பக்கம் உரிந்துபோய், அதற்குச் சாயம் வாங்க அவர் கடைக்குப் போனேன். தெரிந்த மனுஷர், சட்டென்று கொடுத்துவிடுவார் என்று நம்பிப் போனது என் தப்பு. மஞ்சள் வேணும் பாய் என்றேன். எதைவிட மஞ்சள் என்றார். வெறும் மஞ்சள்தான் என்றேன். வெறும் மஞ்சள் என்று உலகத்தில் ஒன்று கிடையாது, பழைய சுவரிலிருந்து ஒரு சில்லு பெயர்த்துக் கொண்டுவாருங்கள் என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். வாய்க்குள் திட்டிக்கொண்டே போய், மறுநாள் நகத்தளவு சில்லு ஒன்றை டிஷ்யூவில் சுருட்டிக் கொண்டுவந்தேன். கடை மூலையில் கலக்குகிற மெஷின் சும்மா நின்றது. அவர் கையால் கலந்தார். அட்டையில் ஒரு தீற்று தீற்றி, காயவிட்டு, "ஈரத்துல எல்லா மஞ்சளும் அழகாத்தான் இருக்கும்" என்று சொல்லி, வெளியே வெயிலுக்குத் தூக்கிப்போய் என் சில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். இப்படி நாலு தடவை. ஒன்றரை மணி நேரம் என்னை நிற்க வைத்துவிட்டார். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இன்றைக்கும் எனக்கே தெரியாது.

இந்தப் புத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆனது. நட்சத்திரத்திலிருந்து வந்திருந்தது. எனக்கு நட்சத்திரம் என்றால் கோயிலில் அர்ச்சனைச் சீட்டில் எழுதுவது, அவ்வளவுதான். அவருக்கோ பதினேழு வருஷமாக ஒரே ஒரு நட்சத்திரத்தோடு சகவாசம். வீட்டுக்குப் பக்கத்து அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்து, பைனாகுலரில் அதைப் பார்த்து, வெளிச்சம் எவ்வளவு என்று குறித்து வைப்பார். ஒருமுறை யாரோ வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற ஆள் என்று புகார் கொடுத்து, போலீஸ்காரர் வந்துவிட்டாராம். இவர் பைனாகுலரை அவர் கையில் கொடுத்து, "நேரா மேல பாருங்க சார், அங்க யார் வீடு இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். இதைச் சொல்லும்போது மெஷின் கத்துகிற அளவுக்குச் சிரித்தார். அவர் கையை அசைத்ததில் குழாய் மடங்கி மிஸ்ஸி ஓடி வந்தாள். எங்கள் ஊரில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

"உங்க நட்சத்திரம் எது அக்கா?" என்று கேட்டார்.

"திருவோணம்."

"அப்ப நாம அங்கயும் பக்கத்து வீடு. திருவோணத்துக்குக் கொஞ்சம் கீழ இருக்கறதுதான் நான் பாக்கறது. நம்ம ஊருக்குச் சரியா உச்சந்தலையில போகும். சொந்தமா ஒரு பேருகூடக் கெடையாது, கிரேக்க எழுத்து ஒண்ணுதான் பேரு. மஞ்சள் ராட்சசன்."

"மஞ்சள்னா சூரியன் மாதிரியா?"

அவ்வளவுதான், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நாலு மணி நேரமும் ஓடிற்று.

"அப்படி நெனச்சுத்தான் எல்லாரும் ஏமாறுறாங்க. சூரியன் அமைதியா எரியுது, ரொம்ப காலம் அப்படியே இருக்கும். இது பொறந்தப்ப நீலம். சூரியனைப்போல அஞ்சாறு பங்கு எடை. எடை கூடினா ஆயுசு கூடும்னுதானே நெனப்போம்? தலைகீழ். பெரிய எடத்துப் புள்ள மாதிரி வாரி எறிஞ்சு எரியும். நடுவுல இருக்கற எரிபொருள் சீக்கிரம் தீந்துபோவும். தீந்ததும் உள்ள சுருங்கும், வெளிய வீங்கும். வீங்க வீங்க மேல்புறம் ஆறும், ஆற ஆற நெறம் எறங்கும். நீலம், வெள்ளை, மஞ்சள், அப்புறம் செவப்பு. மஞ்சள் அதுக்கு வீடு இல்ல அக்கா, லிஃப்ட் லாபி. ஒரு வீட்டுலேருந்து இன்னொரு வீட்டுக்குப் போற வழி. அதனாலதான் வானத்துல மஞ்சள் ராட்சசனுங்க ரொம்பக் கம்மி. எந்நேரம் போய்ப் பாத்தாலும் லாபியில எத்தன பேர் நிப்பாங்க சொல்லுங்க?"

"அப்புறம் செவப்பாயிடுமா?"

"செவப்பாகும், உள்ள வேற எரிபொருள் பத்திக்கிட்டா மறுபடி மஞ்சளுக்குத் திரும்பும், மறுபடி செவப்புக்குப் போவும். லாபியை ரெண்டு மூணு தடவை கடக்கும். கடக்கும்போதுதான் துடிக்கும். உள்ள ஒரு படலம் இருக்கு, சூட்டை வெளிய விடாம புடிச்சு வெக்கும். மூடி போட்ட பானைதான். சூடு சேந்து தள்ளித் தள்ளி நட்சத்திரமே வீங்கும். வீங்கினதும் படலம் தெளிஞ்சு சூடு வெளிய போயிடும், மறுபடி சுருங்கும். ஏழு நாள் நாலு மணி நேரத்துக்கு ஒருக்க. ரெண்டு நாள்ல மளமளன்னு வெளிச்சம் ஏறும், மிச்ச நாளெல்லாம் மெதுவா எறங்கும்."

"நாமளும் அதானே பாய். நீர் சேந்து வீங்குறோம், இங்க வந்து வடிக்கிறோம்."

"அது ஒழுங்கா வீங்குது. நீங்க தே குடிச்சு வீங்குறீங்க" என்றார். நான் வீட்டுக்குப் போகிற வழியில் கோப்பிக்கடையில் தே, அதாவது டீ, குடிப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை.

இன்னொரு நாள் மிஸ்ஸி மெஷினைப் பார்த்துக்கொண்டே, "நீங்க பாக்கும்போது அது செத்தே போயிருக்கலாம் இல்ல?" என்று சொல்லிவிட்டாள். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "இதையேதான் எல்லாரும் சொல்றாங்க மிஸ்ஸி. ஒளி இங்க வர ஆயிரம் வருஷம்னு வெச்சுக்குங்க. அதோட ஆயுசு கோடிக் கணக்குல. ஆயிரம் வருஷம் அதுக்கு ஒரு இருமல். அது இருக்கு. நல்லாத் துடிச்சுக்கிட்டு இருக்கு. சாகும், ஆனா வெடிச்செல்லாம் சாகாது, அதுக்கு அவ்வளவு எடை பத்தாது. மேல இருக்கறதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா உதுத்துட்டு, நடுவுல ஒரு கட்டி சாம்பலா மிஞ்சும். அதுக்கு ரொம்ப நாளாவும்." மிஸ்ஸி அடுத்த மெஷினைப் பார்க்கப் போய்விட்டாள்.

வெளிச்சத்தை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டபோதுதான் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற சமாசாரம் வந்தது. ஒரு நட்சத்திரத்தைத் தனியாகப் பார்த்து அது எவ்வளவு பிரகாசம் என்று யாராலும் சொல்ல முடியாதாம். பக்கத்தில் மாறாத நட்சத்திரம் இரண்டு வேண்டும், ஒன்று கொஞ்சம் கூட, ஒன்று கொஞ்சம் குறைச்சல். நடுவில் நம்முடையது எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். தொடங்கின புதிதில் இவர் ஒரு தப்புச் செய்தார். கண்ணுக்கு வசதியாக இருக்கிறதென்று ஒப்பிட ஒன்றைத் தேர்ந்துகொண்டார். அது தானே ஏறி இறங்குகிற நட்சத்திரம்.

"ஒரு வருஷம் பூரா எழுதினது குப்பை அக்கா. என்னோடது மங்குது மங்குதுன்னு எழுதிக்கிட்டே போயிருக்கேன். அது மங்கவே இல்ல. பக்கத்துல வெச்சது ஏறியிருக்கு."

"கிழிச்சுப் போட்டீங்களா?"

"கிழிக்கல. ஒவ்வொரு பக்கத்துலயும் குறுக்கக் கோடு போட்டு வெச்சேன்."

இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். எனக்கு இது தெரியாமல் நடந்தது என்று நான் பின்னால் சொல்லிக்கொள்ள முடியாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிலையத்துக்குள் நுழைந்ததும் எடை மெஷினில் ஏறி நிற்க வேண்டும். எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று அதில்தான் தெரியும். நான் ஏறும்போது சுவரில் ஒரு கையை லேசாக ஊன்றிக்கொள்வேன். ஒரு கிலோ குறையும். யாரும் கவனிக்க மாட்டார்கள். முகத்துக்குப் பவுடர், உதட்டுக்குச் சாயம், வாய் நிறையப் பேச்சு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் ஒன்பதாவது வருஷம்வரை மறைத்துவிட்டேன். உள்ளே இருந்தது வேறு. இருதயம் பெருத்துவிட்டது என்று வெளியே ஒரு பெரிய மருத்துவர் சொல்லியிருந்தார், அதை நிலையத்தில் நான் சொல்லவில்லை. குளியலறையில் இரண்டு தடவை விழுந்திருந்தேன். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு பல் கடித்து அழாத வாரம் கிடையாது.

எதற்கு மறைத்தேன் என்றால், வேலைக்கு. பிற்பகலில் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை இந்த ஆள் வேலைக்குத் தகுதி என்று மருத்துவரிடமிருந்து கடிதம் கேட்கும். மிஸ்ஸி எழுதி வைக்கிறதைப் பார்த்துத்தான் நிலையத்து மருத்துவர் கையெழுத்துப் போடுவார். அந்த வேலை போனால் நான் வீட்டில் அந்த மஞ்சள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இறங்குகிற பிள்ளைகள் "சீ யூ ஆன்ட்டி" என்று சொல்வதைத் தவிர பல நாள் எனக்கு வேறு பேச்சே இருக்காது.

அவருக்கு ஒரு தங்கை, பொங்கோலில். நாற்பத்து நாலு வயது, இரண்டு பிள்ளைகள். வெள்ளிக்கிழமை தவறாமல் உப்பில்லாமல் சமைத்துக் கொண்டுவந்து, "வாங்க நானா" என்று அண்ணனின் கையைப் பிடித்துக் கூட்டிப் போவாள். மூன்றாவது வருஷத்தில் அவள் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று வந்து நின்றாள். எல்லாச் சோதனையும் முடிந்து, பொருந்துகிறது, கொடுக்கலாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். இவர்தான் இழுத்தார். "சின்னப் புள்ளைங்களை வெச்சிருக்கா அக்கா. நாளைக்கு அவளுக்கே ஒண்ணு ஆச்சுன்னா யார்கிட்டப் போவா?" என்பார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அதை அவர் தேடிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் என்னைத் தேடிக்கொண்டு கோப்பிக்கடைக்கே வந்துவிட்டாள். நான் தே கிளாஸைத் தள்ளி வைத்தேன்.

"அக்கா, நான் சொன்னா நானா கேக்க மாட்டேங்குறாங்க. எப்பப் பாத்தாலும் உங்களைத்தான் சொல்றாங்க. அந்த அக்கா ஒம்பது வருஷமா இருக்காங்க, என்ன ஆயிடுச்சுன்னு கேக்கறாங்க. நீங்க உள்ளதைச் சொல்லுங்க. இது எவ்ளோ கஷ்டம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா எடுத்துப்பாங்க."

"சொல்றேன்லா, நீ கவலப்படாதே" என்றேன். சொல்வதாகத்தான் இருந்தேன். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சத்தியமாகத்தான் சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே கேட்டுவிட்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். எனக்காக இனிப்பா சொல்லாதீங்க. ஒம்பதாவது வருஷம் எப்படி இருக்கு, மூணாவது வருஷத்தைவிட?"

என் இந்தப் பக்கம் மிஸ்ஸி நின்றுகொண்டிருந்தாள். கையில் என் தாள், தாளின் மேல் பேனா. அந்த வாரம்தான் கடிதம் கையெழுத்தாக வேண்டிய வாரம். மோசம் பாய், ரொம்ப மோசம், உங்கள் தங்கச்சி கொடுக்கிறதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். நான் அந்தப் பேனாவைப் பார்த்தேன்.

"அப்படியேதான் இருக்கு பாய்" என்றேன். "பழகிட்டா ஒண்ணும் தெரியாது. நேத்துகூட பஸ்ஸுக்குக் குறுக்க ஓடின பையனைத் தொரத்திப் புடிச்சேன்."

"ஓடினீங்களா?"

"ஓடினேன்."

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று மெல்லச் சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை தங்கையிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், சாப்பாட்டை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வது மாதிரி, அவர் சொன்னார்: "பக்கத்துல மாறாத ஒண்ணு வேணும்னு சொல்வேன்ல. இந்த எடத்துல எனக்கு நீங்கதான் அக்கா அது." நான் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு தூங்குவது போல் கிடந்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கடிதம் கையெழுத்தாகட்டும், அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தேன். கடிதம் கைக்கு வந்தது. அடுத்த வாரம் வாய் வரவில்லை. பயம் என்று சொன்னால் அது பாதி உண்மை. வெட்கமாக இருந்தது, அதோடு ஆசையாகவும் இருந்தது. புதிதாக வந்து அழுகிறவர்களிடமெல்லாம் அவர் என்னைக் காட்டி, "இந்த அக்காவைப் பாருங்க, ஒம்பது வருஷம்" என்பார். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். என்னை அப்படி அண்ணாந்து பார்க்க அதுவரை யாருமே இருந்ததில்லை, அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அவர் இறங்கத் தொடங்கினார். மூச்சு வாங்கிற்று, புறங்கையில் வைக்கிற அட்டையில் விரல் சாம்பல் பக்கமாகத் தள்ளித் தள்ளிப் போயிற்று. வேறு யாராக இருந்தாலும் வியாதி முற்றுகிறது என்று நினைப்பார்கள். இவர் என்னைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நீங்க ஒம்பது வருஷத்துல இப்படி இருக்கீங்க, நான் மூணு வருஷத்துல இப்படி ஆயிட்டேனே. நான்தான் எங்கயோ தப்புப் பண்றேன்" என்றார். தண்ணீரை இன்னும் குறைத்தார். பழத்தை விட்டார். உடம்பு ஒத்துழைக்காத மனுஷன், நடந்தால் சரியாகும் என்று சாயங்காலம் காலாங் ஆற்றோரம் நடக்கப் போனார். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேசுவார். நான் வீட்டுக்குப் போகிற வழியில் தே குடித்தேன்.

கடைசி மாசத்தில் ஒருநாள் தானாகவே அந்தப் பேச்சை எடுத்தார். "என்னோடதைவிடப் பெரிய மஞ்சள் ராட்சசனுங்கள்ல சிலது இருக்கு அக்கா. செவப்புக்குப் போயிட்டு, மேல்தோலை எல்லாம் ஊதித் தள்ளிட்டு, எளைச்சு மறுபடி மஞ்சளுக்கு வரும். பாக்கறவங்களுக்குத் தேறிட்டு வர்ற மாதிரிதான் தெரியும். தேறல. உள்ள எரிக்க ஒண்ணுமே மிச்சம் இருக்காது. மஞ்சளா இருக்கும்போதே நடு இடிஞ்சு விழுந்து வெடிச்சிடும்." பிறகு, "என்னோடது அந்த ஜாதி இல்ல" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரம் எடை மெஷினில் அவர் ரொம்பக் குறைவாக நின்றார். மிஸ்ஸி பாராட்டினாள். எனக்கும்கூட ஆள் தேறிவிட்டார் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பாவி, எனக்கு அப்படித் தோன்றினால்தானே வசதி.

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இருக்கிற இரண்டு நாள் இடைவெளிதான் எங்களுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனவர், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. அன்றைக்கே சுவா சூ காங்கில் அடக்கம் செய்துவிட்டார்கள். திங்கள் காலையில் மிஸ்ஸி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் நாற்காலியில் புதிதாக ஒரு சீனப் பெரியவரை உட்கார வைத்திருந்தார்கள். நான் எடை மெஷினில் ஏறி, கையைச் சுவரில் ஊன்றாமல் நின்றேன். ஒரு கிலோ கூடிற்று. மிஸ்ஸி திட்டினாள்.

மூன்றாவது வாரம் நான் பள்ளிப் பேருந்தின் படியில் பிள்ளைகள் முன்னாலேயே மயங்கி விழுந்தேன். கம்பெனியில் மரியாதையாகத்தான் அனுப்பி வைத்தார்கள். எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னேனோ அது எட்டு மாசம்கூட நிற்கவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும்போது வரச் சொல்லித் தங்கை கூப்பிட்டாள். கூட்டத்தில் போக எனக்குத் துணிவில்லை. மறுநாள் போனேன். பொங்கோலில் பத்தாவது மாடி, பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். எனக்கு அரைக் கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அண்ணனுக்கு அளந்து கொடுத்துப் பழகிய அளவு.

"கடைசி ஒரு மாசம் நான் நானாகிட்டப் பேசவே இல்ல அக்கா. மூணு தடவ ஆபரேஷன் ஃபாரத்தை எடுத்துட்டுப் போனேன். மூணு தடவயும் உங்களைத்தான் காட்டுனாங்க. அப்ப அந்த அக்காகிட்டயே சாப்பாடு வாங்கிச் சாப்டுங்கன்னு கத்திட்டு வந்துட்டேன். உங்க மேலகூட ஆத்திரமா இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், நீங்க என்ன செய்வீங்க. ஒருத்தங்க நல்லா இருக்கறது ஒரு தப்பா? உங்களைப் பாத்துத்தான் இத்தன நாளும் தைரியமா இருந்தாங்க."

அந்த இடத்தில் நான் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவளுக்கும் அது நல்லதாக இருந்திருக்கும். ஆனால் அவள் என்னை மன்னிக்கிறாள், எதை மன்னிக்கிறோம் என்றே தெரியாமல் மன்னிக்கிறாள், அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் ஊன்றிய கை, பெருத்த இருதயம், குளியலறை, கடிதம், மிஸ்ஸியின் பேனா, ஓடாத பையனைத் துரத்திப் பிடித்தது. வேலையும் இப்போது இல்லை என்றுகூடச் சொன்னேன், அதை எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"கோப்பிக்கடையில நான் உங்ககிட்ட வந்து கேட்டேனே" என்றாள்.

"கேட்டே."

"அன்னிக்கு நீங்க உள்ளதைச் சொல்லியிருந்தா நானா எடுத்துக்கிட்டிருப்பாங்களா?"

என்னைக் குற்றம் சாட்டக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. எனக்கு எப்படித் தெரியும், விதி யாரை விட்டது என்று சொல்லியிருக்கலாம். நாலு பேர் அப்படித்தான் சொல்வார்கள்.

"எடுத்துக்கிட்டிருப்பார்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து நின்றாள். "நீங்க போங்க அக்கா" என்றாள், குரலை உயர்த்தாமல். வாசலில் செருப்பைத் தேடிக் காலை நுழைக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் அதே இடத்தில், இடது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றாள். அவருக்குக் கொடுப்பதற்கென்று அவள் எடுத்து வைத்திருந்தது அந்தக் கைக்குக் கீழே, ஒரு குறையும் இல்லாமல், வேலை செய்துகொண்டிருந்தது.